செயலாளரின் ஆண்டறிக்கை

அன்பான அங்கத்தவர்களே,

பொங்கல் விழா, புலமைப்பரிசில் பிள்ளைகளுக்குக் கொப்பி, வாசிகசாலைக்குக் கூரைத்தகரம் எல்லாம் ஒப்பேறின. குவாட்ஸ் கல்லைப் பற்றி நான் நடத்திய அறிவியல் பேச்சு மட்டும் வீண்செலவு என்று சிலர் முதுகுக்குப் பின்னால் பேசியது என் காதுக்கும் வந்ததால், அதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

பேச்சு வைக்கச் சொல்லிக் கை தூக்கியவர்கள் நீங்கள்தான். அன்றைக்கு வாசலில் கிடந்தது ஆறு ஜோடிச் செருப்பு, அதில் ஒன்று என்னுடையது. நல்லதாய்ப் போயிற்று, அந்தச் செருப்பையே வைத்துத் தொடங்கினேன். இடக்கால் செருப்பை எப்படிச் சுற்றிப் போட்டாலும் வலக்காலுக்குச் சேராது அல்லவா? குவாட்ஸ் படிகமும் அப்படித்தான். சிலிக்கனும் ஒட்சிசனும் ஓர் அச்சைச் சுற்றிப் புரியாக ஏறுகின்றன, ஒரு கல்லில் வலம்புரி, இன்னொன்றில் இடம்புரி. இந்தப் புரியால் குவாட்ஸ் தன்னூடே போகும் ஒளியின் அதிர்வுத் தளத்தை, அதாவது ஒளி அதிரும் திசையை, திருப்பிவிடும்; அதைப் பிரெஞ்சு அறிஞர் அராகோ 1811இலேயே கண்டார். மஞ்சள் சோடிய ஒளியென்றால் ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்கு ஏறத்தாழ 21.7 பாகை திரும்பும்.

படிகத்துக்குள் அணுக்கள் சும்மா இருப்பதில்லை, அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த அதிர்வலைதான் போனன். புரியச்சின் வழியே ஓடும் சில அலைகளில் அணுக்கள் முன்பின் ஆடாமல் வட்டமடிக்கின்றன. வலச்சுற்றுக்கும் இடச்சுற்றுக்கும் அதிர்வெண் சற்றே வேறுபடும். கல்லின் கை, அதாவது வலம்புரியா இடம்புரியா என்பது, மாறினால் எது கூடியது, எது குறைந்தது என்பதும் இடம்மாறும். சாதாரண ஒளியில் இந்த அணு அதிர்வெண்களை மட்டும் அளந்தால் இரண்டு கல்லும் ஒன்றுபோலவே இருக்கும், எது எந்தக் கை என்று பிடிபடாது. அதிர்வுத் திசை வட்டமாகச் சுழலும் எக்ஸ் கதிர் கொண்டு குவாட்ஸில் இந்த வட்ட அலைகளைப் பிடித்துக் காட்டிய ஆய்வு 2023இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்தது.

'இதால கொழுந்துக்கு விலை கூடுமா?' என்று ஒரு அண்ணன் கேட்டார். கூடாது அண்ணே. ஆனால் உங்கள் கைக்கடிகாரத்துக் குவாட்ஸ் நொடிக்கு 32,768 தடவை அதிர்ந்துதான் நேரம் காட்டுகிறது, பேச்சுக்கு அரைமணி பிந்தி வந்தது அதன் குற்றமில்லை.

கணக்கு பொருளாளரிடம் இருக்கிறது. பெரிதாகத் துண்டு விழவில்லை. சந்தா பாதிப் பேர் கட்டவில்லை, கேட்டால் மழை என்கிறார்கள். இங்கே மழை இல்லாத மாதம் எது?

கதிரை தந்தவர்கள், தேநீர் ஊற்றிய அக்காமார், தலைவர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு வேறு யாராவது செயலாளராக வந்தால் எனக்குச் சந்தோஷம்தான். வராவிட்டால் பேச்சு தொடரும், பழைய புரொஜெக்டர் ஒன்று மலிவாகக் கிடைக்கும்போலும் இருக்கிறது. அப்புறம், அன்றைக்கு யாரோ விட்டுப்போன கறுப்புக் குடை என் வீட்டில் இருக்கிறது. சந்தாவோடு வந்து எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
செயலாளர்