மின்கட்டணத்தில் ஏறும் கார்பன் செலவும் ஜெர்மனி தரும் ஈட்டுத்தொகையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இறக்குமதிப் பொருள்களைச் செய்கையில் வெளியான கரியமில வாயுவுக்காக ஐரோப்பா விதிக்கும் எல்லைக் கார்பன் வரியைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரை, ஜெர்மனி தன் ஆலைகளுக்கு மின்சாரத்தை ஏறக்குறைய இலவசமாகக் கொடுத்துக்கொண்டே இந்திய இரும்புக்கும் அலுமினியத்துக்கும் வரி விதிக்கிறது என்று போகிற போக்கில் சொல்லியிருந்தது. நான் ரைன்லாந்துப் பகுதியில் ஒரு காகித ஆலையில் எரிசக்திக் கணக்குகளைப் பார்த்துவருகிறேன். அந்த 'இலவச'த்துக்கான விண்ணப்பத்தை ஆண்டுதோறும் தயாரித்து அனுப்புகிறவர்களில் நானும் ஒருவன் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். ஐரோப்பியர் மேல் குறையே சொல்லக்கூடாது என்பதல்ல என் கட்சி; கட்டுரையாளர் குறை கண்ட இடம் பொருந்தவில்லை என்றுதான் சொல்கிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் நடைமுறையில் இருக்கும் உமிழ்வு வணிக ஏற்பாட்டின்படி, நிலக்கரியோ எரிவாயுவோ எரிக்கும் மின்நிலையம், தான் வெளியேற்றும் ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும் ஓர் உரிமத்தை ஒப்படைக்க வேண்டும். உரிமம் வாங்கிய செலவை அது மின்சாரத்தின் விலையில் ஏற்றிவிடுகிறது. மின்சாரத்தின் மொத்த விற்பனைச் சந்தையில், அந்தந்த நேரத்துத் தேவையை நிறைவு செய்யக் கடைசியாக இயக்கப்படும் நிலையம் கேட்கும் விலையே எல்லோருக்கும் விலையாக அமைகிறது. அந்தக் கடைசி நிலையம் பல நேரங்களில் நிலக்கரி அல்லது எரிவாயு நிலையமாக இருப்பதால், காற்றாலைக்காரரிடம் வாங்கும் ஆலையும் கார்பன் செலவைச் சேர்த்தே கொடுக்கிறது. தன் புகைபோக்கியில் எழாத புகைக்காக ஓர் ஆலை இப்படிக் கொடுக்கும் பணத்தைத்தான் மறைமுகக் கார்பன் செலவு என்கிறார்கள்.

ஒரு டன் அலுமினியம் உருக்க ஏறத்தாழ 14,000 யூனிட் மின்சாரம் வேண்டும். ஜெர்மனி அடங்கிய மின்சந்தைப் பகுதிக்கு ஒன்றியம் வகுத்த கணக்கு, 1,000 யூனிட்டுக்கு 0.72 டன் கரியமில வாயு. உரிமத்தின் விலை 70 யூரோ என்று வைத்துக்கொண்டால், ஒரு டன் அலுமினியத்தின் மின்கட்டணத்துக்குள் 700 யூரோவுக்கு மேல் கார்பன் செலவு மட்டுமே இருக்கும். அலுமினியத்தின் விலையோ உலகச் சந்தையில் முடிவாகிறது. அந்த 700 யூரோவை வாங்குபவர் தலையில் கட்ட முடியாத ஆலை, உற்பத்தியைக் கார்பன் விலையே இல்லாத நாட்டுக்குக் கொண்டுபோய்விடும். புகையும் குறையாது, வேலையும் போய்விடும். இந்த அச்சத்தால்தான், விரும்பும் உறுப்பு நாடுகள் தம் ஆலைகளுக்கு ஈடு தரலாம் என்று ஒன்றியம் அனுமதித்தது.

அனுமதித்ததே தவிர, அள்ளிக் கொடுக்கச் சொல்லவில்லை. 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் ஈட்டுத்தொகையைப் பொதுவாக மறைமுகச் செலவில் 75 விழுக்காட்டோடு நிறுத்தியது. அந்தச் செலவையும் ஆலை உண்மையில் செலவழித்த மின்சாரத்தை வைத்துக் கணக்கிடுவதில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் நிர்ணயிக்கப்பட்ட திறன் அளவுகோலை வைத்தே கணக்கிடுகிறார்கள். தங்கள் நாளிதழ் அச்சாகும் வகைத் தாளுக்கு அந்த அளவு, டன்னுக்கு ஏறத்தாழ 800 யூனிட். பழைய இயந்திரத்தை வைத்துக்கொண்டு 1,000 யூனிட் செலவழிக்கும் ஆலைக்கு மிஞ்சிய 200 யூனிட்டின் கார்பன் செலவில் ஒரு காசும் திரும்ப வராது. ஜெர்மனி இதற்கும் மேலே போய், ஒவ்வோர் ஆலைக்கும் ஆண்டுக்கு முதல் 10 லட்சம் யூனிட்டைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

விண்ணப்பம் எப்படிப் போகிறது என்பதையும் வாசகர்கள் தெரிந்துகொள்ளலாம். ஓர் ஆண்டின் மின்நுகர்வுக்கு அடுத்த ஆண்டில்தான் விண்ணப்பிக்க முடியும். பெர்லினில், கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் அலுவலகத்தின் கீழ் இயங்கும் உமிழ்வு வணிகப் பிரிவுக்கு அதை மின்னணு வழியில் அனுப்புகிறோம். தணிக்கையாளரின் சான்று உடன் இருக்க வேண்டும். கெடு நாள் தாண்டினால் அந்த ஆண்டுக்கான உரிமையே போய்விடும். எந்தத் தாள் வகை எத்தனை டன் என்று பிரிக்க வேண்டும். வளாகத்துக்குள் வேலை செய்யும் ஒப்பந்த நிறுவனத்துக்குப் போன மின்சாரத்தைக் கழிக்க வேண்டும். ஓராண்டு, உலர்த்தும் பகுதியின் துணை மீட்டர் ஒன்றைக் கோடையில் மாற்றியபோது பழைய மீட்டரின் கடைசி அளவை நாங்கள் பதிவேட்டில் எழுதாமல் விட்டுவிட்டோம். தணிக்கையாளர் ஒப்பவில்லை. மூன்று நாள் தேடிய பிறகு, மீட்டரைக் கழற்றிய மின்பணியாளரின் கைப்பேசியில் தற்செயலாக எடுத்த ஒரு படம் கிடைத்தது. எண்கள் தூசுக்கு அடியில் மங்கலாகத் தெரிந்தன. அந்தப் படத்தின் பேரில்தான் அவ்வாண்டு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. மின்கட்டணத்தை மாதாமாதம் கட்டிவிட்டு இந்தத் தொகைக்கு அடுத்த ஆண்டுவரை காத்திருப்பதை இலவச மின்சாரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நிபந்தனைகளும் உண்டு. உதவி பெறும் ஆலை எரிசக்தித் தணிக்கை செய்து, மூன்று ஆண்டுக்குள் செலவு திரும்பக்கூடிய பரிந்துரைகளை நிறைவேற்ற வேண்டும். அல்லது தன் மின்தேவையில் 30 விழுக்காட்டையாவது கார்பன் இல்லாத வழியில் பெற வேண்டும். அல்லது உதவித்தொகையில் பாதியையாவது உமிழ்வைக் கணிசமாகக் குறைக்கும் திட்டங்களில் போட வேண்டும்.

இனி, உண்மையான குறைகள். 2023-ஆம் ஆண்டு மின்நுகர்வுக்காக ஜெர்மனி ஏறத்தாழ 240 கோடி யூரோ வழங்கியது. அது பொதுப்பணம். எங்கள் ஆலைக்கு எதிர்த்தெருவில் இருக்கும் சலவைக்கடைக்காரரும் அதே கார்பன் செலவு ஏறிய மின்சாரத்தைத்தான் வாங்குகிறார். ஈடு பெறத் தகுதியுள்ள தொழில்களின் பட்டியலில் அவர் தொழில் இல்லாததால் அவருக்கு எதுவும் கிடையாது. எல்லா உறுப்பு நாடுகளும் இந்த உதவியைத் தருவதுமில்லை. கருவூலம் நிறைந்த நாட்டின் ஆலை பெறுவதை, அதே பொருளைச் செய்யும் மற்றொரு நாட்டின் ஆலை பெறாமல் போகிறது. நார்வேயைப் பாருங்கள். அங்கே மின்சாரத்தில் பெரும்பகுதி நீர்மின்சாரம், ஆனாலும் அண்டை நாடுகளோடு பிணைந்த சந்தையில் விலை ஏறுவதால் அங்குள்ள அலுமினிய ஆலைகளும் ஈடு பெறுகின்றன. தர்க்கப்படி அது சரிதான் என்றாலும், அருவியில் கிடைத்த மின்சாரத்துக்குக் கார்பன் செலவு ஈடா என்று ஒரு குடிமகன் கேட்டால் சட்டென்று பதில் சொல்ல என்னாலும் முடியாது. கட்டுரையாளர் இவற்றையெல்லாம் எடுத்துக் கேட்டிருந்தால் நான் அவர் பக்கம் நின்றிருப்பேன்.

அவர் கவனிக்கத் தவறிய இன்னொன்று இந்தியாவுக்கு நேரடியாகத் தொடர்புடையது. எல்லைக் கார்பன் ஏற்பாட்டில் சிமென்டுக்கும் உரத்துக்கும், அவற்றைச் செய்யச் செலவான மின்சாரத்தின் உமிழ்வும் கணக்கில் வருகிறது. இரும்பு, எஃகு, அலுமினியப் பொருள்களுக்கோ ஆலையின் நேரடி உமிழ்வு மட்டுமே கணக்கு. தன் ஆலைகளுக்கு மின்சாரத்தின் கார்பன் செலவை ஈடு செய்துகொண்டிருக்கும் ஒன்றியம், அதே செலவை வெளிநாட்டாரிடம் எல்லையில் வசூலிப்பது முறையாகாது என்பதே இதன் பின்னணி. ஆகவே, நிலக்கரி மின்சாரத்தை நம்பி நடக்கும் ஒடிசாவின் அலுமினிய உருக்காலைகள், உமிழ்வில் பெரும்பங்கான அந்த மின்சாரத்துக்கு இன்று எல்லையில் எதுவும் கட்ட வேண்டியதில்லை. கட்டுரையாளர் கண்டித்த அந்த உதவித்தொகை இப்போதைக்கு இந்திய ஏற்றுமதியாளருக்கும் ஒரு கேடயமாக இருக்கிறது. நாளை ஐரோப்பா இதை நிறுத்தினால், மின்சாரத்தின் உமிழ்வையும் எல்லையில் சேர்க்கத் தடையாக இருக்கும் முக்கியக் காரணம் போய்விடும். ஐரோப்பாவுக்கு எஃகுத் திருகாணிகளும் அலுமினிய உதிரிப் பொருள்களும் அனுப்பும் தமிழகத்துத் தொழில்முனைவோர், எல்லை வரியின் விதிகளைப் போலவே இந்த ஈட்டுத்தொகை விதிகளையும் கண்காணித்துவருவது நல்லது.

கட்டுரையில் 'இலவச மின்சாரம்' என்று வந்திருப்பதை, 'மின்விலையில் ஏறிய கார்பன் செலவில் ஒரு பகுதிக்கான ஈடு' என்று திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ரைன்லாந்து, ஜெர்மனி