நடைப்பயணத்துக்கு முன் பாதப் பரிசோதனை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தை மாதத்தில் செட்டிநாட்டிலிருந்து பழனிக்கு வெறுங்காலுடன் நடப்பது எங்கள் தலைமுறை வழக்கம். இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருந்த என் அப்பச்சியும் (தந்தையும்) அப்படித்தான் நடந்தார்கள். திரும்பி வந்த மறுநாள், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் அவர்கள் நடந்த தடமெல்லாம் ஈரக் கறை இருந்ததைப் பார்த்த பிறகுதான், வலக்கால் பெருவிரலின் அடியில் கருவேல முள் ஒடிந்து நின்று சீழ் பிடித்திருந்ததைக் கண்டோம். வலியே இல்லை என்றார்கள். நெடுநாள் சர்க்கரையால் நரம்புகள் மரத்துப்போயிருந்தன. அந்த விரலை எடுத்த பிறகே புண் ஆறியது.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் மாத்திரை வீட்டுக்கே வருவது பேருதவி. ஆனால் மாத்திரையை விழுங்கினால் போதும் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையும், ஆண்டுக்கொரு முறை கண் விழித்திரை, சிறுநீர்ப் புரதம், பாதம் ஆகியவற்றின் பரிசோதனையும் அவசியம். 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு உணர்ச்சியை அறியச் சில நிமிடங்களே ஆகும்.

மரத்த காலை வெந்நீரில் வைப்பதும், கால் ஆணியைப் பிளேடால் சீவுவதும் கூடவே கூடாது. இரவில் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும்.

மார்கழியிலேயே ஊர்தோறும் பாதப் பரிசோதனை முகாம் நடத்த, சுகாதாரத் துறையும் நடைப்பயணக் குழுவினரும் முன்வர வேண்டுகிறேன்.

ஒரு வாசகர்,
காரைக்குடி.