மெமரி கணக்க காட்டாம ரேம் காசு மட்டும் கேக்குறது நியாயமா சார்

சப்போர்ட் மேனேஜர் அவர்களுக்கு,

சார், போடிநாயக்கனூர்ல இருந்து எழுதுறேன். ஏலக்காய் யாவாரம், இடுக்கி தோட்டக்காரங்ககிட்ட காய் எடுத்து சலிச்சு தரம் பிரிச்சு விக்கிறோம், எடைச்சீட்டு, லாட் நம்பர், 7 எம்எம் 8 எம்எம் தரம், யாருக்கு எவ்வளவு பாக்கின்னு எல்லாமே உங்க சர்வர்ல இருக்குற மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்லதான் கெடக்கு.

மார்ச்ல உங்க ஆளுதான் போன் பண்ணி, டேபிள கம்ப்ரஸ் பண்ணிட்டா டிஸ்க்கும் கொறையும் மெமரியும் கொறையும்னு சொன்னாரு, சரின்னு, டேபிள்ல இருக்குற 16 கேபி துண்டு (பேஜ்) ஒவ்வொண்ணையும் 4 கேபியா அமுக்குற மாதிரி பண்ணவும் விட்டோம். டிஸ்க் கொறஞ்சது, அத மறுக்கல. ஆனா அப்போ இருந்து ஏலத்தன்னிக்கு எடைச்சீட்டு போட்டா சுத்திக்கிட்டே நிக்குது. குமுளில இருந்து வந்த பெரியவரு ஒருத்தரு சீட்டுக்காக முக்கால் மணி நேரம் நின்னாரு, மலையாளத்துல எந்தா தாமசம், ஏன் லேட்டுன்னு ரெண்டு தடவ கேட்டாரு, மூணாவது தடவ கேக்காம போயிட்டாரு, அடுத்த சுத்து காய் எங்ககிட்ட வரல.

புகார் சொன்னா ரேம் பத்தல, பெரிய பிளானுக்கு மாறுங்கன்னீங்க, மாறி ரெண்டு மாசமா கூடுதல் காசும் கட்டுறோம், அப்படியேதான் இருக்கு.

அப்புறம் உங்க இன்ஜினியர் ஒரு நாள் ஸ்கிரீன் ஷேர்ல கம்ப்ரஸ் ஆன பேஜு மெமரில எவ்வளவு இருக்குன்னு காட்டுற இன்னோடிபி சிஎம்பிமெம் டேபிள தொறந்தாரு, 4096 வரில, அதாவது 4 கேபி வரில, பேஜஸ் யூஸ்டு 61 ஆயிரம் சொச்சம், நான் கால்குலேட்டர்ல 4 கேபியால பெருக்கிப் பாத்தேன், 240 எம்பி பக்கம் வருது, டேபிள் பேஜ ரேம்ல வச்சுக்குற எடமான 1 ஜிபி பஃபர் பூல்ல கால்வாசி கம்ப்ரஸ் ஆன பேஜுக்கே போகுது, வேலைக்கு எடுக்குறப்போ அதே பேஜ 16 கேபியா விரிச்சும் வைக்கணும்ல. மூட்டையவும் அடுக்கி அதே காய தரைல கொட்டியும் வச்சா கோடவுன் எப்படி சார் பத்தும்? எடம் பத்தலன்னா விரிச்சத தூக்கிப் போட்டுட்டு மறுபடி விரிக்கும், சிபியு அதுலயே போயிடும். சீட்டு டேபிள்ல நாள் பூரா திருத்தம் நடக்குது, திருத்துனது 4 கேபிக்குள்ள அமுங்கலன்னா பேஜயே ரெண்டா ஒடைக்கணும். இதெல்லாம் மார்ச்லயே நீங்க சொல்லிருக்க வேண்டியது.

அந்த இன்ஜினியரு, மெமரில பேஜ எடம் மாத்துன கணக்கு, ரீலொகேஷன், பூச்சியம்தான், பிரச்சனையே இல்லன்னு வேற சொன்னாரு. உங்க மானிட்டரிங் ஸ்கிரிப்ட் மணிக்கு ஒருக்கா, பேரு ரீசெட்னு முடியுற இன்னொரு டேபிள படிக்குதுன்னு அதே ஸ்கிரீன்ல பாத்தேன். அத படிச்சாலே அந்தக் கணக்கு அழிஞ்சு மொதல்ல இருந்து ஆரம்பிக்கும், அப்போ பூச்சியமாதான தெரியும்? இத கேட்டதுக்கு இன்னிக்கு வரைக்கும் பதில் இல்ல, எனக்கு அதுதான் ரொம்ப வருத்தம்.

எங்க லாகின்ல இத பாக்க முடியாது, புராசஸ் உரிமை இல்லன்னு எரர் வருது. அந்த உரிமைய குடுங்க, நானே தினம் காலைலயும் ஏலம் முடிஞ்சதும் பாத்து எழுதி வச்சுக்குறேன். ஸ்கிரிப்ட்ட ரீசெட் இல்லாத டேபிளுக்கு மாத்துங்க. நடப்பு வருச சீட்டு டேபிள கம்ப்ரஷன்ல இருந்து எடுத்துடுங்க, பழைய வருசத்தது யாரும் தொடுறதில்ல, அது அப்படியே இருக்கட்டும். ரெண்டு மாச கூடுதல் காச அடுத்த பில்லுல கழிச்சுருங்க.

டேபிள் மாத்துற வேலைய ஏலம் இல்லாத நாள்ல ராத்திரி 10க்கு மேல வச்சுக்கங்க, முன்னாடியே போன் பண்ணிடுங்க, நான் கடைலயே இருக்கேன்.

இப்படிக்கு,
போடி ஏலக்காய் யாவாரி