‘சின்னக் குறைதானே’ என்று இணை சேர்க்கும் முன்: கெக்கோ வளர்ப்பாளர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

கெக்கோ வளர்ப்பாளர் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும், ஊர்வன விற்பனைக் கண்காட்சிகளை நடத்துவோருக்கும் வணக்கம்.

வால் நுனி சற்றே நெளிந்திருக்கிறது, மற்றபடி நன்றாக இரை எடுக்கிறது, உடம்பும் தேறியிருக்கிறது. வீட்டில் வளர்க்கப்படும் பல்லி வகையான லெப்பர்ட் கெக்கோ ஒன்று இப்படி இருந்தால் அதை இணை சேர்க்கலாமா என்ற கேள்வி வளர்ப்பாளர்களிடையே ஓயாமல் எழுகிறது. வரும் பதில்கள் பெரும்பாலும் இரண்டே வகைதான். குறை சின்னது, அதனால் விலங்குக்கு ஒரு தொல்லையும் இல்லை, தாராளமாகச் சேர்க்கலாம் என்பது ஒன்று. குறையுள்ள எதையும் இனப்பெருக்கத்துக்கு எடுக்கவே கூடாது என்பது மற்றொன்று. இரண்டும் குறையைக் கண்ணால் அளந்து சொல்லப்படுபவை என்பதே என் ஆட்சேபம். அந்தக் குறை எதனால் வந்தது, பிறக்கப்போகும் குஞ்சின் வாழ்க்கையில் அது என்ன செய்யும் என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள். காரணம் தெரியாதவரை அந்த விலங்கை மட்டுமல்லாமல் அதன் பெற்றோரையும் மறுபடி இணை சேர்ப்பதில்லை என்ற விதியை உங்கள் சங்கங்கள் எழுத்தில் கொண்டுவர வேண்டும் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

குறைகளில் ஒரு பெரும் பகுதி மரபணுவோடு தொடர்பே இல்லாதது. லெப்பர்ட் கெக்கோவின் முட்டையில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை அடைகாக்கும் வெப்பநிலையே தீர்மானிக்கிறது. 26 டிகிரி செல்சியஸ் அளவில் பெரும்பாலும் பெண்களும், 32, 33 டிகிரியில் பெரும்பாலும் ஆண்களும் பிறக்கின்றன. வெப்பம் கூடினால் முட்டை விரைவில் பொரிகிறது, குஞ்சின் நிறமும் தெளிவாக, கருமை குறைந்து வருகிறது. விற்பனையை எண்ணுபவருக்கு இன்குபேட்டரின் குமிழைச் சற்றுக் கூடுதலாகத் திருப்பிவைக்க இத்தனை காரணங்கள் இருக்கின்றன. அந்த வெப்பம் எல்லை மீறினாலும், ஈரப்பதம் ஏறி இறங்கினாலும், வால் நெளிவும் முதுகெலும்புக் கோணலும் உண்டாகலாம். தாய்க்குக் கால்சியம் போதாமல் போனாலும் குஞ்சின் எலும்பு பாதிக்கப்படும். பிறந்த பிறகு கால்சியமும் வைட்டமின் டி3-யும் குறைந்தால் தாடை மென்மையாகிக் கால்கள் வளைந்துவிடும். சட்டை உரிக்கும்போது விரலில் தங்கிவிட்ட பழைய தோல் நாளுக்கு நாள் இறுகி, இரத்த ஓட்டத்தை நிறுத்தி, விரலையே உதிரச் செய்துவிடும். அப்படி இரண்டு விரலை இழந்த கெக்கோவும், பயந்து வாலை உதிர்த்துவிட்டுக் குட்டையான புது வாலோடு திரியும் கெக்கோவும் தங்கள் குஞ்சுகளுக்கு எதையும் கடத்தப்போவதில்லை. அவற்றை ஒதுக்கச் சொல்வது வெறும் அழகுப் பார்வை. (கூண்டின் ஈரப்பதத்தைக் கவனிக்காத வளர்ப்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது வேறு.)

ஆனால் ‘பரம்பரையாக வராது’ என்பதாலேயே இணை சேர்க்கலாம் என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. பெண் கெக்கோ ஒவ்வொரு முறையும் தன் உடலுக்கு மிகப் பெரிய இரண்டு முட்டைகளைச் சுமக்கிறது. ஒரே பருவத்தில் பலமுறை இடுகிறது. இளமையில் எலும்பு நலிந்து இடுப்பும் முதுகும் கோணிப்போன பெண்ணுக்கு அந்த முட்டைகள் வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. கிரெஸ்டட் கெக்கோ என்னும் மற்றோர் இனத்தின் வாயைத் திறந்து பார்த்தால் மேலண்ணத்தில் இரண்டு வெண்ணிறக் கால்சியப் பைகள் தெரியும். முட்டையிடும் பருவத்தில் அந்தச் சேமிப்பு எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பதைப் பெண் கெக்கோக்களை வளர்ப்பவர்கள் அறிவார்கள். ஏற்கெனவே எலும்பில் குறைபட்ட உடலிடம் அதைக் கேட்பது குஞ்சுக்குச் செய்யும் தீங்காக இல்லாமல் போகலாம், தாய்க்குச் செய்யும் தீங்குதான்.

சிக்கல் முற்றுவது, காரணம் இன்னதென்று பிரித்துச் சொல்ல முடியாத குறைகளில். மேலிமையின் விளிம்பில் ஒரு சிறிய இடைவெளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெரும்பாலான கெக்கோ இனங்களுக்கு அசையும் இமை கிடையாது. லெப்பர்ட் கெக்கோவுக்கு உண்டு, அது கண்ணை மூடித் திறக்கும். அந்த இமை முழுதாக உருவாகாத இடத்தில் தரைத் தூளும் உரிந்த தோலின் துணுக்கும் போய் ஒட்டிக்கொள்கின்றன. கண்ணின் மேற்பரப்பு மூடப்படாமல் உலர்ந்து புண்ணாகிறது. விற்பனைக்கு எடுக்கப்படும் படத்தில் இது தெரியவே தெரியாது. இமைக் குறை அடைகாப்பின் கோளாறாலும் வரலாம், மரபு வழியாகவும் வரலாம். ஒரே ஒரு குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு எது என்று சொல்ல யாராலும் இயலாது. ஒரே இன்குபேட்டரில் அதே சமயம் இருந்த வேறு பெற்றோரின் முட்டைகளிலும் குறைகள் தென்பட்டால் கருவியைச் சந்தேகிக்கலாம். வெவ்வேறு பருவங்களில், வெவ்வேறு வெப்பநிலைகளில், ஒரே இணையின் குஞ்சுகளில் மட்டும் அது திரும்பத் திரும்ப வந்தால் இரத்தவழியைச் சந்தேகிக்க வேண்டும். இந்த எளிய ஒப்பீட்டுக்குக்கூடப் பதிவேடு வேண்டும். பெரும்பாலானோர் நிறக்கலப்பைப் பதிவு செய்கிறார்கள், குறையோடு பிறந்ததைப் பதிவு செய்வதில்லை.

பலரும் கவனிக்கத் தவறும் இடம் இதற்கு அடுத்தது. குறையுள்ள குஞ்சை ஒதுக்கிவைத்துவிட்டு, அதே பெற்றோரை அடுத்த பருவத்திலும் சேர்க்கிறார்கள். குறை ஒடுங்கு பண்பாக (பெற்றோர் இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால் மட்டுமே வெளிப்படுவதாக) இருந்தால் தாய், தந்தை இருவருமே அதைச் சுமப்பவர்கள். வெளியே எந்த அடையாளமும் இராது. அவர்களின் குஞ்சுகளில் சராசரியாக நான்கில் ஒன்று குறையோடு பிறக்கும். பார்வைக்கு நலமாக இருக்கும் மற்ற மூன்றில் இரண்டு அதே மரபணுவை ஒளித்துச் சுமக்கும். அந்த நலமான உடன்பிறப்புகள்தாம் நல்ல விலைக்கு, இனப்பெருக்கத்துக்கென்றே விற்கப்படுகின்றன. ‘மறுபடி சேர்த்துப் பார்த்தேன், அடுத்த ஈட்டில் (ஒரு முறை இடும் முட்டைகளில்) இரண்டுமே நன்றாகப் பிறந்தன, ஆகவே பரம்பரை இல்லை’ என்ற வாதமும் கணக்கில் நிற்காது. பெற்றோர் இருவரும் சுமப்பவர்களாகவே இருந்தாலும் ஓர் ஈட்டின் இரண்டு குஞ்சுகளும் நலமாகப் பிறப்பதற்கு 16-இல் 9 பங்கு வாய்ப்பு இருக்கிறது, அதாவது பாதிக்கும் மேல். பெண் கெக்கோ விந்தணுவை உடலில் சேமித்துவைத்துப் பின்னர் முட்டையிடக் கூடியது என்பதையும் சேர்த்துக்கொண்டால், ஆணை மாற்றிவிட்டேன் என்று சொல்பவரின் குஞ்சுக்குத் தந்தை யார் என்பதே சில சமயம் உறுதியில்லை.

கண்ணுக்குத் தெரியும் குறையைப் பற்றி இவ்வளவு வாதாடும் நாம், கண்ணுக்கு அழகாகத் தெரிவதை எப்படிக் கையாண்டோம் என்பதையும் பார்க்க வேண்டும். எனிக்மா என்னும் நிறவகையைச் சேர்ந்த குட்டியைப் படத்தில் பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதன் முன் ஒரு சில்வண்டை விட்டுப் பாருங்கள்: தலை ஒருபக்கம் சாய்கிறது, பாய்ந்த வாய் இரைக்கு அருகில் வெறும் தரையைக் கவ்வுகிறது, பிறகு நின்ற இடத்திலேயே வட்டமடிக்கத் தொடங்குகிறது. எல்லா எனிக்மாவும் இந்த அளவுக்குப் பாதிக்கப்படுவதில்லை. ஆனால் இது ஓங்கு பண்பு, ஒரு பெற்றோர் போதும், எந்தக் குஞ்சு எவ்வளவு பாதிக்கப்படும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. லெமன் ஃப்ராஸ்ட் வகையின் கதை இன்னும் கசப்பானது. அந்த வெண்மையும் மஞ்சளும் மின்னும் தோலுக்காகவே அது கொண்டாடப்பட்டது. 2021-இல் வெளியான மரபணு ஆய்வு, ஸ்பின்ட்1 என்னும் மரபணுவோடு அந்த நிறத்தைத் தொடர்புபடுத்தியது. ஒளியைப் பிரதிபலிக்கும் நிறமிச் செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதால் அந்த மரபணுவைக் கொண்ட கெக்கோக்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றுக்குத் தோலில் கட்டிகள் உண்டாவதையும் பதிவு செய்தது. அழகும் நோயும் இரண்டு தனிப் பண்புகளாக இருந்தால் நல்ல கலப்பின் மூலம் பிரித்தெடுக்கலாம் என்று பலர் நம்பினார்கள். இங்கே நிறத்தைத் தரும் செல்லே கட்டியாகவும் வளர்கிறது, பிரிப்பதற்கு எதுவும் இல்லை. வால் நெளிந்த கெக்கோ கண்காட்சி மேசையில் தலைகுனிய, லெமன் ஃப்ராஸ்ட் தலைநிமிர்ந்து அமர்ந்திருந்த காலம் நம் அளவுகோலைப் பற்றி ஏதோ சொல்கிறது.

‘நன்றாகத்தான் சாப்பிடுகிறது’ என்பதைச் சான்றாக ஏற்பதையும் நிறுத்த வேண்டும். கீழ்த்தாடை துருத்திய கெக்கோவுக்கு இடுக்கியால் புழுவை வாய்க்கு நேரே நீட்டினால் சாப்பிடத்தான் செய்யும். அது ஊட்டுபவரின் பொறுமைக்குச் சான்று. லெப்பர்ட் கெக்கோ நல்ல பராமரிப்பில் 15, 20 ஆண்டுகள் வாழும் விலங்கு. அதன் ஒவ்வொரு குஞ்சுக்கும் அத்தனை ஆண்டுகள் இடுக்கி பிடிக்கும் ஒருவர் கிடைப்பார் என்று விற்பவர் எந்த நம்பிக்கையில் சொல்கிறார் என்பது எனக்கு விளங்கவில்லை. இதே காரணத்தால், பரம்பரையா இல்லையா என்று அறிவதற்காகவே ‘சோதனைக்கு ஒருமுறை’ இணை சேர்ப்பதையும் நான் ஏற்கவில்லை. அந்தச் சோதனை வெற்றி பெறுவதென்றால் குறையுள்ள குஞ்சுகள் பிறக்க வேண்டும். அவை பிறந்த பின் அவற்றை என்ன செய்வது என்பதற்குச் சோதனை செய்பவரிடம் பெரும்பாலும் விடை இருப்பதில்லை.

ஜெர்மனியின் விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11பி பிரிவு, பரம்பரை காரணமாகச் சந்ததிக்கு வலியோ துன்பமோ உடற்கேடோ நேரும் என்று எதிர்பார்க்க இடமிருந்தால் அந்த இனப்பெருக்கத்தையே தடை செய்கிறது. முன்னே நிற்கும் விலங்கு எப்படி இருக்கிறது என்பதோடு நிற்காமல், இனி வருபவற்றுக்கு எதை எதிர்பார்க்கலாம் என்று கேட்கிறது அந்தச் சட்டம். சட்டமில்லாமலும் இது நடக்கும் என்பதற்கு நம்மிடமே முன்மாதிரி உண்டு. லில்லி வைட் வகைக் கிரெஸ்டட் கெக்கோ இரண்டை இணை சேர்த்தால், அந்த மரபணுவை இரட்டையாகப் பெறும் கால்பங்கு கருக்கள் பிழைப்பதில்லை. ஆகவே அந்த இணையைச் சேர்ப்பதில்லை என்ற வழக்கம் பொறுப்புள்ள வளர்ப்பாளர்களிடையே வேரூன்றிவிட்டது.

ஒவ்வொரு குறைக்கும் இப்படி விலக்கிக்கொண்டே போனால் மரபு வளம் சுருங்கிவிடாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். லெப்பர்ட் கெக்கோவுக்கும் கிரெஸ்டட் கெக்கோவுக்கும் இந்த அச்சம் பொருந்தாது. வளர்ப்பில் அவை பெருந்தொகையாக இருக்கின்றன, அவற்றின் மரபு வளத்தைச் சுருக்கியதே ஒரு நிறத்தை நிலைநிறுத்த உறவுக்குள்ளேயே சேர்த்துக்கொண்டு போன நம் பழக்கந்தான். வளர்ப்பில் ஒரு சிலவே இருக்கும் அரிய இனங்களில் நிலைமை வேறு. அங்கே வால் நுனி நெளிவுக்காக ஓர் இரத்தவழியையே இழப்பது கூடுதல் நட்டமாகலாம். ஊர்வன மருத்துவர் ஒருவரும், அந்த இனத்தை வளர்க்கும் மற்றவர்களும் கூடிப் பேசி முடிவெடுக்க விதியில் இடம் வைக்கலாம்.

எனவே கண்காட்சியில் மேசை போடுபவர் எவரும், விற்கும் குஞ்சின் பெற்றோர் யார், எந்த வெப்பநிலையில் அடைகாக்கப்பட்டது, அதே இணைக்கு இதுவரை குறையோடு பிறந்தவை உண்டா என்ற மூன்றையும் எழுதித் தருவதைக் கட்டாயமாக்குங்கள். பிறவிக் குறையின் காரணம் விளங்காதவரை அந்த இணையின் குஞ்சுகளை இனப்பெருக்கத்துக்கென்று விற்பதை அனுமதிக்காதீர்கள். ‘வளர்ப்புக்கு மட்டும்’ என்று வாயால் சொல்லி மலிவாகத் தள்ளிவிடுவதும் போதாது. சொன்னது இரண்டு கை மாறுவதற்குள் மறைந்துவிடுகிறது, குறைந்த விலைக்கு வந்த பெண் கெக்கோ ஓர் ஆணோடு ஒரே கூண்டில் போய்ச் சேர்கிறது. வாங்குபவர் கையொப்பமிட்ட தாள் விலங்கோடு செல்லட்டும், அதன் நகல் சங்கத்தில் இருக்கட்டும். எனிக்மா, லெமன் ஃப்ராஸ்ட் போன்று தீங்கு ஏற்கெனவே தெரிந்த வகைகளுக்கு உங்கள் அரங்குகளில் மேசையே தர வேண்டாம். இவ்வகைகளைச் சேர்ந்தும், குறைகளோடும் ஏற்கெனவே பிறந்துவிட்ட கெக்கோக்களை, இணை சேர்ப்பதில்லை என்ற உறுதியோடு ஏற்று வளர்க்க முன்வருவோரின் பட்டியல் ஒன்றை ஒவ்வொரு சங்கமும் பராமரிக்க வேண்டும். அப்படி ஒரு பட்டியல் தொடங்கப்பட்டால் என் பெயரையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கெக்கோ வளர்ப்போரில் ஒருவர்