காலி வீடு

கண்ணு,

நேத்து வீடியோ கால்ல ஜப்பான்ல நாகானோ பக்கம் ஒரு பழைய வீடு சல்லிசா வருதுப்பா, நம்ம கார் விலை கூட ஆகாதுன்னு சொன்னியே, அதுக்குள்ள உங்கம்மா பூந்து சாப்டியான்னு கேட்டதுல பேச்சே மாறிப்போச்சு. அதான் டைப் பண்றேன், நீளமா இருந்தாலும் முழுசா படி.

எங்க காலத்துல ஜப்பான்னா தனி மவுசுடா. உங்க பெரியப்பா துபாய்ல இருந்து கொண்டாந்த டேப் ரிக்கார்டரைத் தொடணும்னா கையக் கழுவிட்டு வரச் சொல்வாரு. 1989 கடைசில அவங்க ஷேர் மார்க்கெட் புள்ளி, நிக்கேய்னு சொல்வாங்க, 38,915னு உச்சத்துல நின்னுச்சு, அப்புறம் சரிஞ்சது, மறுபடி அந்த உயரத்தைத் தாண்ட 2024 பிப்ரவரி ஆச்சு. நான் வேலைக்குச் சேந்து ரிட்டயர்டே ஆயிட்டேன் அதுக்குள்ள.

போன வருசம் வந்தப்ப நான் தேடித்தேடி பாத்தேன், அந்த நாடு எங்கடா நொடிஞ்சு கெடக்குன்னு. ரயில் டயத்துக்கு வருது, கக்கூஸ் பளபளங்குது. ஆனா ரோட்டு வேலை நடக்கற இடத்துல சிவப்பு லைட்டு குச்சிய ஆட்டிட்டு ஒருத்தர் நின்னாரே, என்னை விட பத்து வயசு மூப்பு இருக்கும், அவரு எனக்குக் குனிஞ்சு வணக்கம் வைக்கறாரு, எனக்கு கூசிப்போச்சு.

அந்த நீலக் குச்சி ஐஸ் கதை சொன்னியே, காரிகாரி குன், 25 வருசம் 60 யென்னுக்கே வித்துட்டு 2016ல பத்து யென் ஏத்துனதுக்கு கம்பெனிக்காரங்க எல்லாம் வரிசையா நின்னு டிவில குனிஞ்சு மன்னிப்பு கேட்டாங்கன்னு. அன்னிக்கு சிரிச்சேன். அப்புறம் படுத்து யோசிச்சா, ஐஸ் விலை ஏறலன்னா அதைச் செய்யறவன் சம்பளம் எப்படி ஏறியிருக்கும்? விலை ஏறாதுன்னு தெரிஞ்சா எவனும் இன்னிக்கே வாங்க மாட்டான், அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு இருந்துருவான், எல்லாருமே அப்படி இருந்தா வியாபாரம் எங்க நடக்கும்.

இப்ப உன் வீட்டுக்கு வரேன். அங்க வீடு நிக்கற மனைக்கு வரி ஆறுல ஒரு பங்குதானாம், இடிச்சா அந்தச் சலுகையும் போயிரும், இடிக்கற கூலியும் கையை விட்டு, அதனால வாரிசுக அப்படியே பூட்டிட்டுப் போயிடறாங்க. 2023 கணக்குல 90 லட்சம் காலி வீடு! 2024ல அங்க பொறந்த குழந்தைக 7 லட்சத்துக்கும் கீழ. நாளைக்கு நீ விக்கணும்னா யாருகிட்டடா விப்ப?

நம்ம ஊரு மட்டும் என்ன வாழுதாம்னு உங்கம்மா கேக்கறா. நெசந்தான், தமிழ்நாட்டுலயும் ஒரு பொம்பளைக்கு சராசரியா ஒன்றரை குழந்தை கூட இல்லன்னு ஆயிருச்சு. நம்ம தெருவுல எட்டு வீட்ல அஞ்சு பூட்டு, சாவியெல்லாம் நம்ம திண்ணை ஆணிலதான் தொங்குது, வாரம் ஒருக்கா போய் மோட்டார் போட்டு விடறது நாந்தான்.

வேண்டாம்னு சொல்லல, ஆசைப்பட்டா வாங்கு. அதுக்கு முன்னாடி அந்த ஊர் ஸ்கூல்ல எத்தனை பசங்கன்னு ஒரு வார்த்தை கேட்டுரு. அப்புறம், நம்ம வீட்டை உன் பேருக்கு எழுதிடலாம்னு இருக்கேன், பொங்கலுக்கு வரப்ப ரெண்டு நாள் சேத்து லீவு போட்டுட்டு வா, ரெஜிஸ்டர் ஆபீஸ் போகணும்.

அப்பா