ஜோஃப் கோபக்காரர் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

கால்பந்து விளையாடி ஓய்ந்த பிறகு தேசிய அணிப் பயிற்சியாளரானவர்கள் பற்றிப் போன ஞாயிறு ஒரு பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் இத்தாலியின் பழைய கோலி (கோல்கீப்பர்) டினோ ஜோஃப்புக்கு மட்டும் ஆறே வரி, அதிலும் கடைசி வரியில் 2000-ல் அவர் கோபித்துக்கொண்டு பதவியை விட்டுப் போனதாக எழுதியிருந்தார் கட்டுரையாளர். அந்தக் 'கோபித்துக்கொண்டு' என்ற வார்த்தைக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் தங்கச்சிமடத்தில் பதினோரு வருஷம் எங்கள் ஊர் அணிக்குக் கோலியாக நின்றவன். கடற்கரை மணலில் சவுக்குக் கம்பை நட்டு, கழித்துப்போட்ட பழைய வலையைக் கட்டினால் அதுதான் எங்களுக்குக் கோல் போஸ்ட். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நாம் உதைத்த பந்து பாதி தூரம் போய் நம்மிடமே திரும்பி வரும். ஒருமுறை இறுதி ஆட்டத்தில், எதிரணிப் பையன் நடு மைதானத்திலிருந்து சும்மா தூக்கிவிட்ட பந்து, காற்றில் வளைந்து, நான் பின்னால் ஓடி ஓடிக் கையை நீட்டியும் எட்டாமல், தலைக்கு மேலே போய் வலையில் விழுந்துவிட்டது. அந்தத் தொடரில் நான் பிடித்த இரண்டு பெனால்டிகள் ஊரில் யாருக்கும் நினைவில்லை. இன்றைக்கும் மீன் வாங்கப் போனால் "என்ன மச்சான், கச்சான் அடிக்குதா?" என்பார்கள்.

ஜோஃப்பைப் பிடித்துப்போனதும் அதனால்தான். 14 வயதில் இன்டர் மிலன், யுவென்டஸ் என்ற இரண்டு கிளப்புகளும் பையன் குள்ளம் என்று திருப்பி அனுப்பின, பாட்டி முட்டையாகக் கொடுத்து வளர்த்தார் என்பார்கள். அதே யுவென்டஸ் 1972-ல் அவரை வாங்கியது. அந்த வருஷம் தொடங்கி 1974 உலகக் கோப்பை வரை, இத்தாலி வலைக்குள் 1142 நிமிடங்கள் ஒரு பந்தும் போகவில்லை. கடைசியில் போட்டது யார் தெரியுமா, ஹைட்டியின் சனோன்! அந்த ஆட்டத்தில் இத்தாலி 3-1 என்று ஜெயித்தது, ஆனாலும் பேச்செல்லாம் அந்த ஒரு கோலைப் பற்றித்தான்.

1978 உலகக் கோப்பை இன்னும் மோசம். நெதர்லாந்துடனும் பிரேசிலுடனும் தூரத்திலிருந்து அடித்த பந்துகளில் கோல் வாங்கினார், அப்போது வயது 36. கண் மங்கிவிட்டது, வீட்டுக்குப் போகட்டும் என்றெல்லாம் பேசினார்கள். அவர் பதில் சொல்லவில்லை. நான்கு வருஷம் கழித்து, 40 வயதில், அணித்தலைவராக உலகக் கோப்பையைத் தூக்கினார். கோபக்காரர் என்றால் அப்போதே போயிருக்க வேண்டுமே?

சரி, 2000-க்கு வருகிறேன். யூரோ கோப்பைக்கு ஒரு வாரம் இருக்கும்போது முதல் கோலி புஃபோனுக்கு நட்பு ஆட்டத்தில் கை உடைந்தது. மாற்றுக் கோலி டோல்டோவை வலைக்கு முன்னால் நிறுத்தினார் ஜோஃப். அரையிறுதியில் நெதர்லாந்துடன் அவர்கள் ஊரிலேயே ஆட்டம், 34-ம் நிமிடத்தில் ஜாம்புரோட்டா சிவப்பு அட்டை வாங்கி வெளியே. அப்புறம் பத்துப் பேராக நின்று 120-ம் நிமிடம் வரை தாக்குப்பிடித்தார்கள். ஆட்டத்துக்குள்ளேயே ஒரு பெனால்டியை டோல்டோ தடுத்தார், இன்னொன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியது, அப்புறம் பெனால்டி ஷூட் அவுட்டில் 3-1. மாற்றுக் கோலியை வைத்துக்கொண்டு ஒரு பழைய கோலி ஜெயித்த ஆட்டம் அது. உங்கள் ஆறு வரியில் இது இல்லை.

பிரான்ஸுடன் இறுதி ஆட்டம் ஜூலை 2, ஞாயிறு இரவு. விடிந்தால் திங்கள், விசைப்படகுகள் கடலுக்குப் போகிற நாள். தூங்க வேண்டியவர்களெல்லாம் கேபிள் இருந்த ஒரு வீட்டுத் திண்ணையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். டெல்வெக்கியோ கோல் போட்டு இத்தாலி 1-0. டெல் பியரோவுக்கு இரண்டு நல்ல வாய்ப்பு, இரண்டையும் விட்டார். இன்ஜுரி டைமின் நான்காவது நிமிடம். கோட்டுக்கு வெளியே இருந்த இத்தாலிக்காரர்கள் தோளோடு தோள் கோத்து நிற்கிறார்கள், எங்கள் திண்ணையில் இரண்டு பேர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தேவிட்டார்கள், அந்த நேரம் பார்த்து பிரான்ஸின் வில்டோர்ட் அடித்த பந்து டோல்டோவைத் தாண்டி உள்ளே போனது. யாரும் பேசவில்லை. எக்ஸ்ட்ரா டைமில் 103-ம் நிமிடம் பிரான்ஸின் ட்ரெசகே அடித்ததோடு, முதல் கோல் போட்டவர்களுக்கே வெற்றி என்று அப்போதிருந்த கோல்டன் கோல் விதிப்படி ஆட்டம் முடிந்தது.

மறுநாள் இத்தாலியின் அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர், ஏ.சி. மிலன் கிளப்பின் உரிமையாளர் பெர்லுஸ்கோனி, பிரான்ஸ் ஆட்டக்காரர் ஜிடானை ஒட்டியே ஓர் ஆளைப் போடாதது எந்தக் கத்துக்குட்டிக்கும் தெரிகிற தவறு, இது தகுதியில்லாத வேலை என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். ஜோஃப் ராஜினாமா செய்தார். கண்ணியம் பற்றி பெர்லுஸ்கோனியிடம் பாடம் படிக்க வேண்டியதில்லை என்று சொன்னாரே தவிர, வில்டோர்ட்டின் கோலுக்காக டோல்டோவைக் குறை சொல்லவில்லை, வாய்ப்பை விட்ட டெல் பியரோவையும் கைகாட்டவில்லை. கோல் வாங்கினால் திட்டு விழும், அது கோலியின் கூலியில் சேர்ந்தது, அதை அவர் 1978-லேயே வாங்கிக்கொண்டார். ஆளின் தகுதியையே ஊர் பார்க்கக் கேட்பது வேறு. அதற்குப் பெயர் கோபம் இல்லை, ஐயா. எங்கள் பக்கத்தில் அதை ரோஷம் என்போம்.

ஜிடானை விட்டது தவறா என்று கேட்டால், தவறாகக்கூட இருக்கலாம். அதைப் பேசலாம், பேசட்டும்.

கட்டுரையோடு, உலகக் கோப்பையைக் கையில் வைத்திருக்கும் ஜோஃப் படத்தைப் போட்டிருந்தீர்கள். அதே 1982-ல் பார்சிலோனாவில் பிரேசிலுடன் ஆட்டம், இத்தாலி 3-2. ஆட்டம் முடியப்போகிற நேரம், ஆஸ்கார் தலையால் முட்டிய பந்தை ஜோஃப் கோட்டின் மேலேயே விழுந்து அமுக்கிப் பிடித்தார். கோல் என்று நினைத்து பிரேசில்காரர்கள் கையைத் தூக்கிவிட்டார்கள். அடுத்த முறை அவரைப் பற்றி எழுதினால், கிடைத்தால், அந்தப் படத்தைப் போடுங்கள். எங்கள் ஊர்ப் பையன் ஒருவனுக்கு வெட்டிக் கொடுக்க வேண்டும். போன மாதம்தான் அவனுக்கும் காற்றில் ஒரு பந்து போனது.

இப்படிக்கு,
ஒரு பழைய கோலி,
தங்கச்சிமடம்.