தஞ்சோங் துவான் ஓவியத்துக்குக் கைகொடுத்த எல்லாருக்கும்

ரந்தாவ் சொந்தங்களுக்கு வணக்கம். போர்ட்டிக்சன் பக்கத்துத் தஞ்சோங் துவான் முனையின் பாறைக் கரையை எண்ணெய் வண்ணத்தில் வரைந்த படத்தை நம் கோயில் மண்டபத்தில் மாட்டியாச்சு. கீழே என் பெயர் மட்டும் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி லோரி அண்ணனுக்கு. விடியும் முன்னே போர்ட்டிக்சனுக்குக் கூட்டிப்போய், 1863-ல் கட்டிய அந்தக் கலங்கரை விளக்கக் குன்றைத் தாண்டிப் பாறைகளுக்கு இறங்கி, கடல் வற்றும்வரை கூடவே உட்கார்ந்திருப்பார். "தங்கச்சி, தண்ணி ஏறுற மட்டம் வரைக்கும் பாறை ஒரு நிறம், அதுக்கு மேல வேற நிறம், பார்த்தியா?" என்று அவர் கேட்டதுதான் படத்தின் உயிர். கீழே சிப்பி ஒட்டிய கருமை, மேலே வெயிலில் வெளுத்த பழுப்பு, அந்தக் கோடு இல்லாவிட்டால் அது கடற்கரைப் பாறையே இல்லை.

ஓவிய ஆசிரியர் ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வது! கறுப்பு டியூபைத் தொடவே விடவில்லை. அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பையும் கலக்கச் சொன்னார். நீலம் தூக்கலாக இருந்தால் நனைந்த பாறை, அம்பர் தூக்கினால் காய்ந்த பாறை, இரண்டும் ஒரே கலவையிலிருந்து வந்ததால் படம் ஒட்டி நிற்கிறது. நுரைக்கும் அப்படியே, வெயில் படும் முனையில் மட்டும்தான் சுத்த வெள்ளை, நிழல் பக்கம் நீலச் சாம்பல். அடிப்பூச்சில் வண்ணத்தை இளக்கும் டர்ப்பன்டைன் கலந்து மெலிதாக, மேலே போகப் போக எண்ணெய் கூட்டி வைக்கணும் என்பதில் ரொம்பக் கண்டிப்பு. வண்ணத்தில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டுதான் இறுகும், அதனால் மேல்பூச்சு முந்திக்கொண்டால் பின்னால் வெடிக்கும். ஓவியர் மோனே 1886-ல் பிரான்சின் பெல்-ஈல் தீவில் ஒரே பாறைகளை வெவ்வேறு வானிலையில் திரும்பத் திரும்ப வரைந்த படங்களையும் ஐயாதான் காட்டினார். மழை மேகம் என்றாலும் நான் கிளம்பிப் போனது அதைப் பார்த்த பிறகுதான்.

டர்ப்பன்டைன் வாடையைப் பொறுத்துக்கொண்டு கடையின் பின்கட்டைக் கொடுத்த சாப்பாட்டுக்கடை அக்காவுக்கும், மரச்சட்டம் செய்துவிட்டுக் கூலி வாங்க மறுத்த பாக்சிக்குக்கும் (மலாய்க்காரப் பெரியவர்) என் அன்பு. உங்கள் வீட்டில் ஒருத்தியாகவே என்னை நடத்தினீர்கள்.

அப்புறம் ஒன்று. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் பாறைப் பகுதியில் பூச்சு கனம், உள்ளே இன்னும் இறுகவில்லை. ஆறு மாதமாவது போனபிறகுதான் வார்னிஷ் பூசுவேன். அதுவரை பிள்ளைகள் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.